வாசல் தாண்டிய பூனை



சமுதாயத்தில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, இம்மாதம் இவர் பூனையைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் புன்முறுவல் பூக்கக் கூடும். பூக்கட்டும். ஆனால், வளர்த்த பூனை காணாமற்போன வீட்டிற்குள் அன்றிரவு சென்று பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஆக்கிய சோறு ஆறிக் கிடக்கும். பிள்ளைகள் உறங்க மாட்டார்கள். "கதவைத் திறந்து போட்டது யார்?" என்ற வழக்கு நடுவீட்டில் நடந்துகொண்டிருக்கும். அந்த வழக்கில் தீர்ப்பு பெரும்பாலும் அவ்வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு எதிராகவே அமையும்.

முன்பெல்லாம் நம் தெருக்களில் பூனை எல்லா வீட்டிற்கும் பொதுவாக இருந்தது. காலையில் ஒரு வீட்டில் பால், நண்பகலில் இன்னொரு வீட்டில் மீன் முள், இரவில் யார் வீட்டுத் திண்ணையிலேனும் தூக்கம். அது காணாமற் போயிற்று என்ற பேச்சே எழாது. இன்று நிலைமை வேறு. கோரிப்பாளையத்திலும், பக்கத்தில் உள்ள செல்லூரிலும், தல்லாகுளத்திலும் எத்தனையோ வீடுகளில் நீண்ட முடியுடைய பாரசீகப் பூனைகளை விலை கொடுத்து வாங்கி, வீட்டிற்குள்ளேயே வைத்து வளர்க்கிறார்கள். அந்தப் பூனையின் பாதம் தெருமண்ணை மிதித்ததில்லை. அதற்கு எலி பிடிக்கத் தெரியாது; தெருநாயைக் கண்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்றும் தெரியாது.

பூனையை அடைத்து வைத்துக் கொன்றதற்காக ஒரு பெண் வேதனைக்குள்ளான செய்தியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரீயிலும் முஸ்லிமிலும் வருவதை நாம் அறிவோம். அந்த நபிமொழியில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தின்று அது தானாகப் பிழைத்துக்கொள்ளும்படி அவிழ்த்தும் விடவில்லை. ஆக, அடைத்து வளர்ப்பவர் அதன் இரைக்குப் பொறுப்பேற்கிறார். வேட்டையே கல்லாத ஒரு பூனை வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அந்தப் பொறுப்பு வாசலோடு நின்று விடுகிறதா? நின்று விடுவதாக நான் நினைக்கவில்லை. "போனால் போகட்டும், வேறொன்று வாங்கிக் கொள்ளலாம்" என்று சொல்லும் தந்தைமார்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

தேடுவது எப்படி என்பதற்கு வருவோம். வீட்டிலேயே வளர்ந்த பூனை வெளியே போனால் வெகுதூரம் ஓடிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உடனே ஒருவர் மேம்பாலம் வரையிலும், இன்னொருவர் வைகைக் கரை வரையிலும் வண்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. பழக்கமில்லாத வெளியில் அகப்பட்ட பூனை, முதலில் கண்ணிற்படும் இருட்டு மூலைக்குள் புகுந்து அசையாமல் இருந்துவிடும். அது பக்கத்து வீட்டுப் படிக்கட்டின் அடியாக இருக்கலாம். உங்கள் வீட்டுக் கொல்லையாகவே கூட இருக்கலாம்.

இது வெறும் அனுமானம் அன்று. காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றுள் 61 விழுக்காடு ஓராண்டிற்குள் கிடைத்து விட்டன. மூன்றில் ஒரு பங்கு முதல் ஏழு நாட்களுக்குள்ளேயே உயிரோடு கிடைத்தன. மூன்று மாதம் கடந்த பின் கிடைத்தவை மிகச் சிலவே. கிடைத்தவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தவை. வெளியே உலவிப் பழகிய பூனைகளைக் காட்டிலும் வீட்டிற்குள்ளேயே இருந்த பூனைகள் இன்னும் குறைந்த தூரமே போயிருந்தன. ஆகவே முதல் வாரத்தில், வீட்டைச் சுற்றி, கண்ணால் பார்த்துத் தேடுவதே பயன் தரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், திரும்பக் கிடைத்த பூனைகளுள் 59 விழுக்காடு தாமாகவே வீடு வந்து சேர்ந்தன. 30 விழுக்காடு அக்கம்பக்கத்தில் தேடியதால் அகப்பட்டன. வீட்டிற்குத் திரும்பும் பூனைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா? தப்பிப் போன அதே வழியை, இரவு நேரத்தில் ஒரு பூனை நுழையும் அளவிற்கேனும் திறந்து வைத்து, வீட்டில் ஒருவர் விழித்திருப்பது நன்று.

"எங்கள் பூனை என் குரலைக் கேட்டால் ஓடி வரும். நான்கு தெரு சுற்றிக் கூப்பிட்டேன், வரவில்லை. ஆகவே இங்கே இல்லை" என்று தாய்மார்கள் முடிவு கட்டி விடுகிறார்கள். இந்த முடிவுதான் பல பூனைகளைப் பறிகொடுக்க வைக்கிறது. அஞ்சிய பூனைக்குக் குரல் கொடுப்பது என்பது, தான் இருக்கும் இடத்தைப் பகைவனுக்குக் காட்டிக் கொடுப்பதாகும். உங்கள் குரல் அதற்குக் கேட்கும். நன்றாகவே கேட்கும். மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் உணரும். பூனையின் செவி 60,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகளை உணரக் கூடியது. கேட்டும் பேசாதிருக்கும். இரண்டடி தொலைவில் நீங்கள் நின்று அழைத்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். அதற்கு உங்கள் மேல் பிரியம் போய்விட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

தேடப் புறப்படுமுன் பூனை எந்த வழியாக, எந்த நேரத்தில் வெளியேறியது என்பதைத் துல்லியமாக அறிந்துகொள்ள வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் பெரும் தவறு நடக்கிறது.

எங்கள் மதரஸாவில் ஓதும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, மூன்று நாட்களாக யாரிடமும் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் பாடம் ஒப்புவிக்கும்போது பாதியில் நிறுத்தி அழுதுவிட்டாள். அருகில் அழைத்து விசாரித்தேன்.

"அஜரத், எங்க வீட்டுப் பூனை போயிருச்சு."

"எப்படிம்மா போச்சு?"

"வாசக் கதவு வழியான்னு அத்தாட்ட சொல்லிட்டேன். ஆனா அது மொட்டைமாடிக் கதவு, அஜரத்."

தனியாக மாடிக்குப் போகக் கூடாது என்று வீட்டில் கண்டித்து வைத்திருந்தார்களாம். அஸர் நேரத்தில் நன்னிக்காகக் காய்ந்த துணி எடுக்கப் போனவள் கதவைச் சாத்த மறந்துவிட்டாள். பூனையைக் காணோம் என்றதும் வீடே இரைந்து கூச்சலிட, அடிக்குப் பயந்து வாசலைக் காட்டிவிட்டாள். அதை நம்பி அவளுடைய அத்தாவும் சச்சாவும் இரண்டு இரவுகள் தெருத்தெருவாக அலைந்திருக்கிறார்கள். தர்கா வாசலில் பூ விற்பவர்களிடமும், ஆட்டோ நிறுத்தத்திலும், கறிக்கடைகளிலும் விசாரித்திருக்கிறார்கள். பூனையோ தெருவுக்கே இறங்கவில்லை.

பிள்ளையை அடிப்பதில்லை என்று வாக்குப் பெற்றுக்கொண்டு அவளுடைய அத்தாவிடம் நான் செய்தியைச் சொன்னேன். அன்றிரவு மாடிகளில் தேடினார்கள். நான்காவது வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் கீழே சாய்த்து வைத்திருந்த உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் பின்னால் இரண்டு கண்கள் மின்னின. தகட்டை அவர்கள் நகர்த்தவில்லை. கருவாட்டுத் துண்டையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, சிறுமியின் தாயார் மட்டும் சற்றுத் தள்ளிச் சுவரோரமாக அமர்ந்திருந்தார். சுப்ஹு பாங்கிற்குச் சற்று முன்பு அது தானாக ஊர்ந்து வந்து அவருடைய மடியில் ஏறிக்கொண்டது.

பெற்றோர்களே, பூனை போன அன்று பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். அடுத்த வாரம் கண்டித்துக் கொள்ளலாம். அன்று உங்களுக்குத் தேவை அந்தப் பிள்ளை அறிந்திருக்கும் உண்மை. அது அச்சமற்ற பிள்ளையின் வாயிலிருந்துதான் வரும்.

நம் பகுதியின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு மாடியிலிருந்து பத்து மாடிக்குத் தரையைத் தொடாமலே பூனை போய்விடும். எனவே தெருவை மட்டும் பார்த்தால் போதாது. மாடிகளையும் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் அடி, மாடிப்படியின் கீழ், மோட்டார் அறை, மீட்டர் பெட்டியின் பின்புறம், பழைய மரச்சாமான் குவியல், கடைகளின் தகரப் பந்தல், நிறுத்தி வைத்த ஆட்டோக்களின் உட்புறம், பரண் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் குனிந்து பார்க்க வேண்டும். சொந்த வீட்டையும் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள். பீரோவின் பின்னாலும், மடித்து வைத்த பாய்களின் நடுவிலும் இருந்துகொண்டே 'காணாமற்போன' பூனைகள் உண்டு.

பூட்டிய வீடுகளும் கிடங்குகளும் தனியாகச் சொல்ல வேண்டியவை. சாமான் எடுக்கத் திறந்த கதவு வழியே பூனை நுழைந்ததை அறியாமல் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அத்தகைய வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லி, சாவி வைத்திருப்பவரைக் கொண்டு திறந்து பாருங்கள். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு வந்த சரக்குப் பெட்டகம் ஒன்றைத் திறந்தபோது உள்ளே ஒரு பூனை உயிரோடு இருந்தது. கடல் கடந்து வந்த அத்தனை நாட்களும் அது அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அதைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று அந்நாளில் பெரிய விவாதமே நடந்தது. அடைபட்ட பூனை சில நாட்கள் தாக்குப் பிடிக்கும் என்பதற்காக இதைச் சொன்னேன். மதுரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சிக்கிய பூனைக்கு அந்த அவகாசம் கிடையாது.

அண்டை வீட்டாரிடம் "எங்கள் பூனையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்பதே பதிலாக வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை; ஒளிந்திருக்கும் பூனையை அவர்கள் பார்த்திருக்க முடியாது. "உங்கள் மாடியையும் கொல்லையையும் ஒரு முறை நாங்கள் பார்த்துக் கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். பெண்கள் இருக்கும் வீடுகளில் நம் வீட்டுப் பெண்களும் சிறுவர்களும் போய்ப் பார்ப்பதே முறை. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்கவில்லையானால் திரும்பிவிட வேண்டும் என்ற ஒழுக்கம் பூனை தேடும் போதும் நமக்கு உண்டு. கோரிப்பாளையத்தில் நாமும் மாற்று மதச் சகோதரர்களும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்கிறோம். பூனை அந்த வேறுபாட்டை அறியாது; தேடுபவரும் எல்லா வாசலையும் தட்ட வேண்டும். இந்தச் சாக்கிலேனும், ஆண்டுக்கணக்கில் பேசாத பக்கத்து வீட்டாரோடு பேச நேர்ந்தால் அதுவும் நல்லதே.

பகலில் ஒரு முறை தேடியாயிற்று என்று ஓய்ந்து விடாதீர்கள். தேடுவதற்கு உகந்த வேளை, ஊர் அடங்கிய பின்னிரவு. ஆட்டோ இரைச்சலும் ஆள் நடமாட்டமும் ஓய்ந்த பிறகே ஒளிந்திருக்கும் பூனை தலை நீட்டும். தஹஜ்ஜுதுக்கு எழும் பழக்கமுள்ள வீட்டாருக்கு இது ஒரு பெரும் பாரமாக இராது. டார்ச் விளக்கைக் கண்மட்டத்தில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. விளக்கொளி அதிற்பட்டுத் திரும்புவதால் இரு கண்களும் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். பகலில் பத்து முறை கடந்து போன மூலையில்கூட அப்போது அது தென்பட்டுவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. நள்ளிரவு இரண்டு மணிக்கு அடுத்தவர் மாடியில் டார்ச்சோடு நடமாடுபவரைப் பூனை தேடுகிறவர் என்று யாரும் எண்ண மாட்டார்கள். முன்னிரவிலேயே தெருவாரிடம் சொல்லி வைத்து விடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

கண்டுவிட்டால் பாய்ந்து பிடிக்க முயலக் கூடாது. துரத்தினால் அது தெருவைக் கடந்து ஓடும். அதுவரை பக்கத்தில் இருந்தது அப்போதுதான் உண்மையாகவே தொலையும். தரையில் அமர்ந்து, உற்று நோக்காமல், வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருங்கள். தீவனப் பாத்திரத்தை வீட்டில் தட்டும் அதே ஓசையைத் தட்டிக் காட்டலாம். நெத்திலிக் கருவாடு போன்ற மணமுள்ள இரையை வைக்கலாம். ஒருவர் போதும், தெருவே கூடி நின்றால் வராது. சில பூனைகள் ஒரு வாரம் வரையிலும் ஒளிந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்து, பசியும் தாகமும் தாங்காத நிலையில்தான் வெளிப்படும். அத்தகையவற்றிற்குக் கூண்டுப் பொறி வைக்கலாம். எலிப்பொறி ஆகாது, பூனை முழுவதுமாக உள்ளே நுழையும் அளவுள்ள, உடலைக் காயப்படுத்தாத கம்பிக் கூண்டாக இருக்க வேண்டும். கூண்டு வைத்தவர் அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் கூண்டுக்குள் ஓர் உயிரை மறந்து விடுவதைவிடத் தேடாமலே இருந்திருக்கலாம்.

அதன் மணலை வாசலில் கொட்டி வைத்தால் மோப்பம் பிடித்து வரும் என்று சிலர் சொல்கிறார்கள். இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்த வாடை தெருவின் கடுவன் பூனைகளை அழைத்து வரவும் கூடும். அவை வாசலில் உலவினால் நம் பூனை எப்படி நெருங்கும்?

பிடிக்கும்போது பூனை கீறினாலோ கடித்தாலோ அலட்சியம் வேண்டாம். உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெளியில் இருந்த நாட்களில் அதை எந்த நாய் கடித்தது என்று நமக்குத் தெரியாது. வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இராசாசி அரசு மருத்துவமனை நம் பகுதியிலேயே இருக்கிறது.

இனி, என்னிடம் அடிக்கடி வரும் ஒரு கோரிக்கை. "பள்ளிவாசல் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லி விடுங்களேன், அஜரத்" என்று கேட்பார்கள். சொல்ல இயலாது. பள்ளியினுள் தொலைந்த பிராணியைப் பற்றி அறிவிப்பவனைக் கேட்டால், 'அது உனக்குத் திரும்பக் கிடைக்காதிருக்கட்டும்' என்ற பொருளில் மறுமொழி சொல்லும்படியும், பள்ளிவாசல்கள் இதற்காகக் கட்டப்படவில்லை என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி பதிவாகியிருக்கிறது. அதில் வரும் 'ளால்லத்' என்ற அரபுச் சொல் குறிப்பாகத் தொலைந்த கால்நடையையே சுட்டும். இதை நமக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? பூனைக்குட்டியின் தந்தை என்ற பொருளுடைய பெயராலேயே உலகம் அறிந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள்! ஆடு மேய்த்த காலத்தில் தம்மிடம் ஒரு பூனைக்குட்டி இருந்ததாகவும், இரவில் அதை மரத்தில் விட்டுவிட்டுப் பகலில் உடன் கொண்டு சென்று விளையாடியதாகவும் அவர்களே கூறியது திர்மிதீயில் உள்ளது. பூனையின் அருமை அறிந்தவரே பள்ளியின் கண்ணியத்தையும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார். ஆனால், ஃபிக்ஹு அறிஞர்கள் கடைவீதிகளிலும், மக்கள் தொழுது வெளியேறும் நேரத்தில் பள்ளியின் வாசலிலும் அறிவிக்கலாம் என்று வழி காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஜும்ஆ முடிந்து மக்கள் செருப்பைத் தேடும் வேளையில் வெளியே நின்று சொல்லுங்கள். பத்துத் தெருவுக்குச் செய்தி போய்விடும். மஹல்லா வாட்ஸ்அப் குழுவிலும் தெளிவான படத்தோடு போடுங்கள்.

பேச்சு வந்ததால் இடையில் ஒரு சொல். உறங்கும் பூனையை எழுப்ப மனமின்றிச் சட்டைக் கையை வெட்டிக்கொண்டு எழுந்த நிகழ்ச்சியை நபி (ஸல்) அவர்களோடு இணைத்து, அப்பூனைக்கு 'முஅஸ்ஸா' என்று பெயரும் சூட்டி, மேடைகளில் பேசுகிறார்கள். ஆதாரமுள்ள ஹதீஸ் நூல்களில் அதற்கு இடமில்லை. ஷைகு அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றியும் அவ்வாறு ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பூனையின் மேல் இரக்கம் காட்ட, இல்லாத ஹதீஸ் நமக்குத் தேவையில்லை. பூனை அசுத்தமானதன்று, உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்று அபூகதாதா (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருக்கும் செய்தியே போதும். அவர்கள் தாம் உளூச் செய்ய வைத்திருந்த பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்த போது கூறியது அது.

தொலைத்தவருக்குச் சொன்னது போதும். கண்டெடுத்தவருக்கும் சொல்ல வேண்டும். அழகிய பூனை ஒன்று நம் வீட்டிற்குள் தானாக வந்தால் 'அல்லாஹ் கொடுத்தது' என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அல்லாஹ் கொடுத்தானா, அடுத்த தெருப் பிள்ளையிடமிருந்து வந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டாமா? ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழியில், கண்டெடுத்த பொருளின் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்கு அடையாளம் வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிப்புச் செய்யும்படி கூறப்பட்டிருக்கிறது. தொலைந்த ஒட்டகத்தை விட்டுவிடச் சொன்னார்கள். அது தானாக நீர் தேடிப் பிழைத்துக்கொள்ளும். ஆட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விட்டால் ஓநாய்க்குப் போய்விடும். தெருவில் பிறந்து வளர்ந்த பூனை ஒட்டகத்தைப் போன்றது. அதைத் தூக்கி வர வேண்டியதில்லை. வீட்டில் வளர்ந்து வழி தவறியது ஆட்டைப் போன்றது. எடுத்துப் பாதுகாத்து, உரியவரைத் தேட வேண்டும். இது என் ஒப்பீடே தவிர ஃபத்வா அன்று. சட்ட நுணுக்கத்தை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையையும் கயிற்றையும் அறிந்து வைக்கச் சொன்னதன் பயனை எண்ணிப் பாருங்கள். அடையாளம் சொல்பவனே உரியவன். அறிவிப்புச் செய்யும்போது பூனையின் எல்லா அடையாளங்களையும் வெளியிட்டு விடாதீர்கள். வால் நுனியின் வெள்ளைப் புள்ளி, காதிலுள்ள பழைய வெட்டு என ஏதேனும் ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கண்டெடுத்தவரும் அப்படியே, உரிமை கோரி வருபவரிடம் அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு கொடுக்கலாம். தொலைத்தவருக்கு வேறொரு பயனும் இதில் உண்டு. "உங்கள் பூனை என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்" என்று கைப்பேசியில் பேசும் மோசடிக்காரர்கள் இக்காலத்தில் இருக்கிறார்கள். சுவரொட்டியில் இல்லாத அந்த ஓர் அடையாளத்தைக் கேளுங்கள். குரல் அடங்கிவிடும்.

நம்பிக்கை இழந்தவர்களுக்காக ஈராக் நாட்டுப் பூனை ஒன்றின் வரலாற்றைச் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டில் மோசுல் நகரின் கொடுமைகளுக்கு அஞ்சி ஒரு தாய் ஐந்து பிள்ளைகளோடு புறப்பட்டார். வெள்ளை நிறத்து 'குன்குஷ்' என்ற தங்கள் பூனையை விட்டுவர மனமில்லாமல் அதையும் சுமந்துகொண்டு துருக்கி வந்து, அங்கிருந்து ரப்பர் படகில் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவை அடைந்தார்கள். கரையிறங்கிய குழப்பத்தில் பூனை கூடையிலிருந்து தப்பி ஓடிவிட்டது. மணிக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. அகதிகளுக்குக் காத்திருக்கும் உரிமை ஏது? அழுதுகொண்டே பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

பின்னர், அழுக்கேறி முடி சிக்குப் பிடித்த ஒரு பூனை அக்கரையோரக் கிராமத்திலேயே உள்ளூர்ப் பூனைகளிடம் அடிபட்டுக்கொண்டிருப்பதைத் தொண்டு செய்ய வந்தவர்கள் கண்டார்கள். அது தப்பிய இடத்தின் அருகிலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அகதிகளோடு வந்த பூனை என்று ஊரார் சொன்னார்கள். அத்தொண்டர்கள் அதைக் குளிப்பாட்டி, மருத்துவரிடம் காட்டி, 'டியாஸ்' என்ற தற்காலிகப் பெயர் சூட்டி, ஜெர்மனியின் பெர்லினில் ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். இணையத்தில் பல நாடுகளிலும் படத்தைப் பரப்பினார்கள். அக்குடும்பத்தார் நார்வே நாட்டில் இருப்பது தெரிய வந்தது. 2016 பிப்ரவரியில் குன்குஷ் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. வீடும் ஊரும் நாடும் இழந்த பிள்ளைகளுக்கு, இழந்தவற்றுள் ஒன்றேனும் கைக்குத் திரும்பியது.

தூரம் நடந்து வரும் பூனைகளும் அரிதாக உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், 2012 நவம்பரில் பயணத்தின்போது தொலைந்த 'ஹாலி' என்ற பூனை, ஏறத்தாழ 190 மைல் கடந்து, இரு மாதங்களுக்குப் பின் தன் ஊருக்கே வந்து சேர்ந்தது. மெலிந்து, நகங்கள் தேய்ந்து வந்ததை அதே பூனைதான் என்று உறுதி செய்தது, அதன் தோலுக்கடியில் பொருத்தியிருந்த மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள இச்சிப்பில் ஓர் எண் மட்டுமே இருக்கும். பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. கிடைத்த பூனை யாருடையது என்பதைத்தான் காட்டும். பலர் இதைத் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். சிப் பொருத்த வசதியில்லாதவர்கள், சிக்கினால் தானாகக் கழன்று விடும் கழுத்துப்பட்டியில் கைப்பேசி எண்ணை எழுதிக் கட்டலாம்.

சித்திரைத் திருவிழாவில் ஆற்றங்கரை முழுதும் மக்கள் வெள்ளமாக இருக்கும் நாட்களிலும், தீபாவளி வெடிச் சத்தம் ஓயாத இரவுகளிலும், நம் வீடுகளில் கல்யாணம், கந்தூரி என்று விருந்தினர் வந்து போகும் போதும் பூனையைச் சாத்திய ஓர் அறைக்குள் வைத்து விடுங்கள். தண்ணீர் கேன் போட வருபவருக்காகக் கதவைத் திறக்கும் அந்த அரை நிமிடமும் அப்படித்தான்.

கிடைத்த பூனையைக் கொண்டு வந்ததும், நாலைந்து நாள் பட்டினி கிடந்ததே என்று பாத்திரம் நிறைய வைத்து விடாதீர்கள். சிறிது சிறிதாக, பலமுறை கொடுங்கள். பல நாள் உண்ணாத பூனைக்கு, அதிலும் கொழுத்து வளர்ந்ததற்கு, ஈரல் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. ஒரு நாள் முழுதும் உண்ண மறுத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டையும் உடனே சேர்க்க வேண்டாம். வெளியே கிடந்து வந்ததன் உடல் வாடை மாறியிருக்கும். கூடப் பிறந்த பூனையே அதைச் சீறி விரட்டும். தனியறையில் இரண்டு நாள் வைத்து, ஒன்றன் விரிப்பை மற்றதற்கு மாற்றிப் போட்டு, வாடை பழகிய பிறகு கதவைத் திறந்து விடுங்கள்.